கரண்ட் பில் பெட்டியா, பிஎல்டிசி ஃபேனா?

போன கோடையில் மதுரைக்குப் போயிருந்தபோது, சித்தப்பா வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்து பிளக்கில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. "கரண்ட் பில் பாதியாயிடுமாம்டா. பேஸ்புக்ல பார்த்தேன், 999 ரூபாய்தான்" என்றார். அதே வாரம் அவர் மகன் மாடி அறைக்கு 3,000 ரூபாய் கொடுத்து ஒரு பிஎல்டிசி ஃபேன் (நிலைக்காந்த மோட்டாரும் எலக்ட்ரானிக் போர்டும் வைத்து, குறைந்த கரண்டில் ஓடுவது) வாங்கி மாட்டியிருந்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் யார் செய்தது புத்திசாலித்தனம் என்று பேச்சு முற்றி, பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

முதலில் இரண்டு விளம்பரங்களையும் போனில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். பெட்டிக்காரர் சொல்வது: 40 சதவீதம் வரை மிச்சம், ஜெர்மன் தொழில்நுட்பம், இன்னும் 17 மட்டுமே ஸ்டாக். கீழே ஒரு கடிகாரம் 9 நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தை மூடித் திறந்தேன், மறுபடி 9 நிமிடம். ஃபேன்காரர் சொல்வது: 28 வாட், இத்தனை சுற்று, இத்தனை காற்று, ஸ்டார் லேபிள்.

வித்தியாசம் அங்கேயே தெரிகிறது. வாட் என்றால் அளந்து பார்த்து, பொய் என்றால் சண்டை போடலாம். '40 சதவீதம் வரை' என்பதோடு எப்படிச் சண்டை போடுவது? எதில் 40, எதோடு ஒப்பிட்டு 40? அந்த 'வரை'க்குள் பூஜ்யமும் அடக்கம். இன்னொன்று, சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் 2023 ஜனவரி முதல் கட்டாயம். எந்த ஃபேன் வாங்கினாலும் அந்த ஒட்டுத்தாளைப் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் தயாரித்தவர் பெயர்கூட இல்லை.

ஆனால் சித்தப்பாவை விழ வைத்தது கடிகாரமும் ஜெர்மனியும் அல்ல. வீடியோ. ஒரு மோட்டார் ஓடுகிறது. வயரைச் சுற்றி டாங் டெஸ்டரை, அதாவது ஆம்பியர் காட்டும் கிடுக்கி மீட்டரை, மாட்டியிருக்கிறார்கள். பெட்டியைச் சொருகியதும் ஆம்பியர் சட்டென்று இறங்குகிறது. "கண்ணால பார்த்தேன்டா" என்றார். உண்மைதான், அந்த வீடியோவில் கிராபிக்ஸ் எதுவும் தேவையில்லை. ஆம்பியர் நிஜமாகவே குறையும்.

மோட்டார் இரண்டு விதமாகக் கரண்டை இழுக்கிறது. ஒன்று செலவு: சுற்றவும் சூடாகவும் தின்றுவிடுவது. இன்னொன்று கைமாற்று: காந்தப்புலத்துக்காக வாங்கி, அடுத்த நொடிகூட ஆகாமல் லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டர் (கரண்டைக் கொஞ்சநேரம் பிடித்து வைத்து விடும் பாகம்) அந்தக் கைமாற்றைப் பக்கத்திலிருந்தே கொடுத்து வாங்குகிறது. அதனால் தெருவிலிருந்து வரும் ஆம்பியர் குறைகிறது. டாங் டெஸ்டர் செலவையும் கைமாற்றையும் சேர்த்துக் காட்டும். வீட்டு மீட்டரோ செலவை மட்டும்தான் எண்ணும். பில் வருவது அந்தச் செலவுக்கு. நாம் பணமே கட்டாத ஒன்றைக் குறைத்துக் காட்டி, அதற்கு 999 ரூபாய்.

இதன் பூர்வீகம் என்னவோ நல்ல இடம்தான். ஆலைகளில் பவர் ஃபேக்டர் குறைந்தால், அதாவது செலவோடு ஒப்பிடக் கைமாற்று அதிகமானால், பில்லில் அபராதம் ஏறும். அதனால் அங்கே பீரோ அளவுக்குக் கெபாசிட்டர் பேனல் வைத்து நிஜமாகவே பணம் மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த உண்மையைத்தான் வீட்டு பிளக்குக்குக் கொண்டுவந்து பொய்யாக்கியிருக்கிறார்கள்.

சித்தப்பா பாடத்துக்கு மசியவில்லை. சரி, மீட்டரிடமே கேட்போம் என்றேன். ஈபி மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்று மேலேயே அச்சடித்திருக்கும், அவர் வீட்டில் 3,200. பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹாலின் பழைய ஃபேனை மட்டும் ஓட விட்டோம். 10 மினுக்கலுக்கு இரண்டரை நிமிடம், அதாவது சுமார் 75 வாட். பெட்டியைச் சொருகினோம். அதே இரண்டரை நிமிடம். ஹால் ஃபேனை நிறுத்திவிட்டு மாடி பிஎல்டிசியை முழு வேகத்தில் ஓட்டினோம். பத்தாவது மினுக்கல் வர ஆறு நிமிடம் தாண்டிவிட்டது. தம்பி ஒன்றும் பேசவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டு நின்றான்.

"அப்ப கமெண்ட்ல அத்தனை பேர் பில்லைப் போட்டு, குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்களே?" எல்லாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஏசி ஓடிய ஏப்ரல், மே பில்லை மழைக்கால பில்லோடு ஒப்பிட்டால், பிளக்கில் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டாலும் குறைந்துதான் தெரியும். தமிழ்நாட்டு அடுக்குக் கட்டணம் வேறு இந்தக் கணக்கைப் பெரிதாக்குகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் அடுக்கு விலையும் ஏறும், கீழ் அடுக்கில் கிடைத்த சலுகையும் போகும். 510-லிருந்து 490-க்கு இறங்கினாலே பில்லில் பெரிய பள்ளம் விழும்.

பிஎல்டிசி விளம்பரமும் சுத்தத் தங்கம் இல்லை. '60 சதவீதம் மிச்சம்' என்று அதிலும் எழுதுகிறார்கள். அது ஃபேன் தின்னும் கரண்டில், மொத்த பில்லில் அல்ல. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் பழைய ஃபேன் இரண்டு மாதத்தில் 67 யூனிட் இழுக்கும், புதியது 30 வாட் என்றே வைத்தாலும் 27. ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் பில்லுக்கு 200 ரூபாய், போட்ட பணம் திரும்ப இரண்டரை வருடம். அதுவும் அவ்வளவு நேரம் ஓடும் அறையில்தான். எப்போதாவது விருந்தாளி வரும் அறையில் மாட்டினால் பணம் திரும்பவே திரும்பாது. முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் வந்ததே, அதற்குள்ளேயே முடித்துக்கொள்ளும் வீட்டுக்கும் அப்படித்தான். பழைய ஃபேன் நின்றால் தெருமுனையில் காயில் கட்டிக் கொடுப்பார்கள். இதில் போர்டு போனால் கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். அப்புறம் அந்த ரிமோட், வாங்கிய மூன்றாம் நாளே சோபா இடுக்கில்.

காசே செலவில்லாத மூன்றாவது வழி ஏசி ரிமோட்டில் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் குறையும் என்கிறது ஸ்டார் லேபிள் கொடுக்கும் அதே பிஇஇ, மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. சித்தப்பா 20-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்பவர்.

வாட்டைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்ற விளம்பரங்களும் தானாக உதிரும். 'அறையையே ஜில்லாக்கும் மினி ஏசி' யுஎஸ்பி வயரில் ஓடுகிறது, 5 வோல்ட், 2 ஆம்பியர், ஆக 10 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பமோ சுமார் 3,500 வாட். ஈரத் துணிக்குப் பின்னால் பொம்மை ஃபேன், அவ்வளவுதான். சென்னைப் புழுக்கத்தில் அதுவும் எடுபடாது.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரு கெபாசிட்டர், பச்சை விளக்குக்கு ஒரு குட்டி சர்க்யூட், பாதிக்கு மேல் காலியிடம். (யாராவது இப்படிக் கழற்றுவதாக இருந்தால், உருவியதும் பிளக் பின்னைத் தொடாதீர்கள். மலிவுப் பெட்டிகளில் கெபாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருந்து அடிக்கும்.) பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றால் பார்சலில் இருந்த நம்பர் எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஓடும் கடிகாரம் போன்ற போலி அவசரத்தையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு விதிகள் தடை செய்திருக்கின்றன. ஆனால் புகாரில் விற்றவர் பெயரை எழுத வேண்டுமே, சித்தப்பாவிடம் பில்லே இல்லை.

பெட்டி இப்போது அலமாரியில் கிடக்கிறது. ஏசி 25-க்கு ஏறியிருக்கிறது, சித்தியின் உபயம். ஹால் ஃபேனை மட்டும் மாற்றச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. ரிமோட் தொலைந்துவிடுமாம்.