எம்டிஎன்: தப்பு கண்ணில் பட்டால் நாமே திருத்தலாம்

இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு, அதன் விளக்கங்களைத் தரும் எம்டிஎன் ஆவணத் தளத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நான் மெச்சுவது அதன் திருத்தும் வசதியை. முன்பு விக்கியாக இருந்தது 2020 டிசம்பரில், பலர் சேர்ந்து நிரல் கோப்புகளைப் பராமரிக்கும் கிட்ஹப் தளத்துக்கு மாறியது. பக்கத்தின் அடியில் உள்ள இணைப்பைத் தட்டினால் அந்தப் பக்கத்தின் மார்க்டவுன் கோப்பு, அதாவது எளிய குறிகளோடு எழுதிய மூல உரை, வரும். மாற்றிவிட்டு, ‘இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். யாராவது பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஏறும்.

பழசான ஏபிஐ (நிரலில் இருந்து அழைத்துப் பயன்படுத்தும் வசதி) பற்றிய பக்கத்தை இவர்கள் உடனே அழித்துவிடுவதில்லை. அழுத்திய விசையை எண்ணாகச் சொல்லும் ‘கீகோட்’ பக்கத்தையே பாருங்கள்: மேலேயே கைவிடப்பட்டது என்ற எச்சரிக்கை, பதிலுக்கு ‘கீ’, ‘கோட்’ என்று வழியும் உண்டு. ஆண்ட்ராய்டு குரோமில் தமிழில் தட்டினால் கீகோட் பெரும்பாலும் 229 என்றுதான் வரும், எந்த எழுத்து என்றே தெரியாது. பழைய நிரலைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் வேண்டும்.

ஒரு குறை: எந்த உலாவியில் ஓடும் என்ற அட்டவணை கிட்ஹப்பில் தனி ரெப்போவில் (கோப்புத் தொகுப்பில்), ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்பாக இருக்கிறது. புதியவர் அதை மார்க்டவுனில் தேடி அலுத்துப்போவார்.

அப்புறம், நான் தினமும் மல்லுக்கட்டும் ஒரு பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் செலுத்த உதவும் சேவை) இருக்கிறது. நிறுத்திவிட்ட என்ட்பாயின்ட்டை (நிரல் தொடர்புகொள்ளும் முகவரியை) இன்னும் தங்கள் ஆவணத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எம்டிஎன் போல, தப்பைச் சொல்லத்தான் அங்கே இடமில்லை.