பிக்கப்புடன் வரும் கிட்டாரா, பின்னர் பொருத்துவதா?
குறைந்த பணத்தில் எலக்ட்ரோ அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினால், கம்பிகள் அமரும் பட்டையான சேடிலுக்கு அடியில், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ பிக்கப்பும், பக்கப் பலகையை வெட்டிப் பதித்த, பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில் இயங்கி அந்தச் சைகையை வலுப்படுத்தும் ப்ரீஆம்பும் கூடவே கிடைப்பதால், கேபிளைச் செருகி உடனே மேடையேறலாம். ஆனால் மலிவான பீசோவில், கம்பியை ஓங்கி மீட்டும்போது ஒலி வறண்டு, பிளாஸ்டிக்கைத் தட்டியதுபோல் கேட்கும். விலையில் ஒரு பங்கு மின்னணுவுக்குப் போவதால், மேற்பலகையும் பெரும்பாலும் ஒட்டுப்பலகையாகவே இருக்கும்.

அதே தொகைக்குச் சாதாரண அக்கூஸ்டிக் வாங்குபவருக்கு ஒட்டில்லாத மரத்தாலான மேற்பலகை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப்பைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் (நைலான் கம்பிகளுக்கு அது உதவாது). அடிக்கடி மேடையேறுபவரைத் தவிர மற்றவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

பீசோ கிட்டாரையே எடுப்பதானால், ஆம்பில் இணைத்து ஆறு கம்பிகளையும் தனித்தனியே மீட்டிப் பாருங்கள். சேடில் சரியாக அமராவிட்டால் ஓரிரு கம்பிகளின் ஒலி மங்கும்.