பின்னணிப் படத்தை மங்கலாக்க: ஜிம்ப்பா, பவர்பாயின்டா?

"மிஸ், அது புள்ளியா நட்சத்திரமா?"

எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து வந்த கேள்வி. திரையில் வானத்தைப் பற்றிய ஸ்லைடு. பின்னணியில் ஓரியன் (வேடன்) என்ற விண்மீன் தொகுதியின் படம், அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'விண்மீன்கள்' என்ற தலைப்பு. அந்தச் சொல்லில் ண், ன், ள் என்று மூன்று புள்ளிகள். ஓரியனின் இடுப்பிலும் வரிசையாக மூன்று விண்மீன்கள். பையனைக் குறை சொல்ல முடியாது, எனக்கே கொஞ்சம் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. தமிழில் ஒரு புள்ளி மறைந்தாலும் 'கண்' 'கண' ஆகிவிடும். பின்னணியில் பொடிப்பொடியாக எது இருந்தாலும், அது நட்சத்திரமோ மணலோ வேப்பிலையோ, முதலில் பலியாவது புள்ளிதான்.

ஆக, படத்தை மங்கலாக்கியே தீர வேண்டும். அதை எங்கே செய்வது என்பதில்தான் இரண்டு கட்சி. படத்தை ஜிம்ப் மாதிரி ஒரு செயலியில் திருத்தி முடித்துவிட்டு ஸ்லைடில் போடுவது ஒன்று. அசல் படத்தை அப்படியே போட்டுவிட்டு பவர்பாயின்டுக்குள்ளேயே மங்கலாக்குவது இன்னொன்று. இரண்டு பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன். இப்போது நான் இரண்டாவது கட்சி. ஏன் தாவினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

(மூன்றாவதாக ஒரு வழி உண்டு. படத்தைச் சாதாரணமாகச் செருகி, 'சென்ட் டு பேக்' கொடுத்துப் பின்னால் தள்ளுவது. எழுத்தைத் திருத்தப் போய் கிளிக் செய்தால் படம் கையோடு நகர்ந்து வரும். புதிய பதிப்புகளில் அதைப் பூட்டி வைக்க வசதி இருக்கிறது. இருந்தாலும் பவர்பாயின்டில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.)

ஜிம்ப்பின் பெருமையைச் சொல்லாமல் விட்டால் பாவம். காசு கிடையாது. கோபுரத்தின் குறுக்கே ஓடும் மின்கம்பியை 'ஹீல்' கருவியால் அழித்துவிடலாம். படத்தில் எழுத்து வரப்போகும் இடத்தை மட்டும் கலங்கலாக்கி, மீதியைத் தெளிவாக விடலாம். இந்த இரண்டும் பவர்பாயின்டில் நினைத்த மாதிரி வராது. அதனால்தான் முதல் வருடம் 38 ஸ்லைடுக்கும் ஜிம்ப்பில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு படத்தின்மேலும் ஒரு கறுப்பு லேயர் (அடுக்கு), அதன் ஒபாசிட்டி, அதாவது அடர்த்தி, 60 சதவீதம், அடியில் இருக்கும் படத்தைக் கலங்கலாக்கக் கொஞ்சம் காஸியன் பிளர், பிறகு ஜேபெக்காக எக்ஸ்போர்ட். அதையும் அசல் கோப்பின்மேலேயே எழுதிவிட்டேன். லேயர்களைக் காப்பாற்றி வைக்கும் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. இரவு பதினொரு மணிக்கு யார் அதெல்லாம் பார்க்கிறார்கள்?

அந்த வருடம் பிரச்சினையே இல்லை. திரைச்சீலை போட்ட இருட்டு அறை, கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. தியேட்டர் மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் வகுப்பை வேறு அறைக்கு மாற்றினார்கள். இரண்டு பக்கமும் ஜன்னல், காலை வெயில் நேராகத் திரையில் விழும். ப்ரொஜெக்டரால் கறுப்பு ஒளியைப் பாய்ச்ச முடியாது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் அது ஒளி வீசாமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான். அறை வெளிச்சத்தில் திரை என்ன நிறத்தில் தெரிகிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கும் 'கறுப்பு'. என் 38 கறுப்புப் பின்னணியும் ஒரே நாளில் சாம்பல் பூசிக்கொண்டன. அந்த அறையில் வெளிர் பின்னணியும் கருமையான எழுத்தும்தான் எடுபடும்.

சரி, படங்களை வெளிறச் செய்வோம் என்று உட்கார்ந்தால், கறுப்பு ஏற்கெனவே படத்தோடு ஊறிப்போயிருக்கிறது. இருட்டாக்கிச் சுருக்கிய ஜேபெக்கை மறுபடி வெளிச்சமாக்கினால் வானம் பட்டை பட்டையாகப் பிரிகிறது, நிழல் இருந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கட்டம் தெரிகிறது. அசல் படங்கள் பழைய போனில் இருந்தன. பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. படங்களைத் தேடிப்பிடித்துத் திரும்பச் செய்ய நான்கு சாயங்காலம் ஆனது.

அதற்குப் பிறகுதான் பவர்பாயின்டை ஒழுங்காகப் பார்த்தேன். ஸ்லைடின் வெற்றிடத்தில் வலது கிளிக், 'ஃபார்மட் பேக்கிரவுண்ட்', 'பிக்சர் ஆர் டெக்ஸ்சர் ஃபில்'. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் கீழே டிரான்ஸ்பரன்சி ஸ்லைடர் வரும். இழுத்தால் படம் வெளிறும், திருப்பி இழுத்தால் பழையபடி வரும். படத்தின் நிறத்தில் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை, கோப்பில் ஓர் எண்தான் மாறுகிறது. சந்தேகம் இருந்தால் பவர்பாயின்ட் சேமிக்கும் பிபிடிஎக்ஸ் (.pptx) கோப்பின் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் 'ஜிப்' (.zip) என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'பிபிடி', அதற்குள் 'மீடியா' என்று ஒரு ஃபோல்டர். நீங்கள் கொடுத்த படம் அங்கே முழு நிறத்தோடு உட்கார்ந்திருக்கும். சேமிக்கும்போது அளவைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம், நிறத்தில் கைவைத்திருக்காது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஸ்லைடில் செருகி 'கிராப்' செய்த படத்தின் வெட்டிய பகுதியும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். யாருடைய முகத்தையாவது வெட்டிவிட்டுக் கோப்பைப் பகிர்வதாக இருந்தால், 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய் வெட்டிய பகுதிகளை நீக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த ஸ்லைடருக்காக மட்டும் நான் கட்சி மாறவில்லை. 38 ஸ்லைடுக்கும் 38 தடவை இழுப்பதென்றால் அதுவும் ஒரு சாயங்காலம்தான். என்னை மாற்றியது ஸ்லைடு மாஸ்டர், அதாவது எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சு. அதன் கீழே ஒவ்வொரு வகை ஸ்லைடுக்கும் இருக்கும் அச்சுக்கு லேஅவுட் என்று பெயர்.

பவர்பாயின்ட் ஸ்லைடை அடுக்கடுக்காக வரைகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஸ்லைடின் பின்னணிப் படம். அதன்மேல் மாஸ்டரிலும் லேஅவுட்டிலும் இருக்கும் வடிவங்கள். எல்லாவற்றுக்கும் மேலே நாம் தட்டிய எழுத்து. அப்படியென்றால் லேஅவுட்டில் ஸ்லைடு அளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து, பாதி ஒளிபுகும்படி வைத்துவிட்டால், அது அந்த லேஅவுட்டில் இருக்கும் எல்லா ஸ்லைடிலும் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் மெல்லிய திரையாகத் தொங்கும். 38 வெவ்வேறு படம், ஒரே திரை. இருட்டு அறையா, திரையைக் கறுப்பாக்கு. வெயில் அறையா, வெள்ளையாக்கு. எழுத்தின் நிறத்தையும் மாஸ்டரிலேயே வைத்திருந்தால் அதையும் அங்கேயே ஒரு தடவை மாற்றினால் போதும். நான்கு சாயங்கால வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

திரை எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறையில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று ஒளி வேறுபாடு கேட்கிறார்கள். நான் அளந்து பார்ப்பதில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து ம், ன், ள் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

திரைக்கும் சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. ஏதாவது ஒரு ஸ்லைடில் 'ஹைட் பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்' டிக் ஆகியிருந்தால் படம் இருக்கும், திரை மட்டும் காணாமல் போகும். அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அதேபோல் ஸ்லைடை வேறு கோப்புக்கு எடுத்துப் போகும்போது 'கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்' கொடுக்காவிட்டால் திரை கூடவே வராது.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஜிம்ப்பை விடவில்லை. வெட்டுவதும் சுருக்குவதும் வெளியேதான். 12 மெகாபிக்சல் போன் படம் பெரும்பாலும் 4000 × 3000, அதாவது 4:3. ஸ்லைடோ 16:9. உயரத்தில் கால் பங்கு போயே ஆக வேண்டும். எந்தக் கால் பங்கு என்பதை நானே பார்த்து வெட்டி, 1920 × 1080-க்குச் சுருக்கிப் புதுப் பெயரில் சேமித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இத்தனை படங்களோடு கோப்பு ஜிமெயிலின் 25 எம்பி எல்லையைத் தாண்டி நிற்கும். பிளர் வேண்டுமென்றாலும் ஜிம்ப்தான். பவர்பாயின்டின் 'ஆர்ட்டிஸ்டிக் எஃபெக்ட்ஸ்' பிளர் மோசமில்லை, ஆனால் மாற்றிய படத்தோடு அசலின் இன்னொரு பிரதியையும் கோப்புக்குள் வைத்துக்கொள்கிறது. கோப்பு ஊதிவிடும்.

கூகுள் ஸ்லைட்ஸ்காரர்களுக்கு: அங்கே பின்னணியாக வைத்த படத்துக்கு டிரான்ஸ்பரன்சி கிடையாது. படத்தைச் சாதாரணமாகச் செருகினால் 'ஃபார்மட் ஆப்ஷன்ஸ்' வழியாக மங்கலாக்கலாம். ஆனால் 'எடிட் தீம்' போய் லேஅவுட்டில் இதே செவ்வகத்தைப் போட்டால் வேலை முடிந்தது. கேன்வாவில் இரண்டு அழைப்பிதழ் செய்ததோடு சரி, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

வெள்ளைத் திரை போட்ட பிறகு அதே ஸ்லைடு, அதே வெயில் அறை. புள்ளி தெரிகிறதா என்று அந்தக் கடைசி பெஞ்ச் பையனையே கேட்டேன்.

"புள்ளி நல்லா தெரியுது மிஸ். நட்சத்திரத்தைத்தான் காணோம்."

வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் அந்த ஸ்லைடை ஒரு நகல் எடுத்து, எழுத்தை அழித்து, 'ஹைட் பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்' டிக் செய்தேன். ஜன்னல் கதவுகளைச் சாத்தச் சொன்னேன். ஓரியன் வந்துவிட்டான்.