நைட் ஷிஃப்ட்காரர்களுக்கும் ஆள் கிடைக்கும் ஆலோசனை சேவை

எங்கள் திறந்தவெளிச் சுரங்கத்தில் வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் மனநல ஆலோசனை போன் சேவை நடத்துகிறார்கள். நான் டம்பர் ஓட்டுகிறவன், இதைப் பயன்படுத்தியவன். கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், தாராளமாகக் கூப்பிடுங்கள்.

நம் ஆட்கள் தயங்குவதற்குக் காரணம் வெட்கம் மட்டுமில்லை. மெடிக்கலில் 'அன்ஃபிட்' போட்டு வண்டியை விட்டு இறக்கிவிடுவார்களோ என்ற பயம். நான் கேட்ட முதல் கேள்வியே, "நான் பேசுறது கம்பெனிக்குப் போகுமா மேடம்?" ஆலோசகர் மழுப்பவில்லை. எத்தனை பேர் பேசினார்கள் என்ற கணக்கு மட்டும்தான் நிர்வாகத்துக்குப் போகும், பெயர் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களிடம் சொல்ல வேண்டிவரும் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

அடுத்து ஒன்பது கேள்விகள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்விப் பட்டியல் இது, பிஎச்க்யூ-9 என்கிறார்கள். தூக்கம், பசி, சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, இவையெல்லாம் கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் தொந்தரவு கொடுத்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் அதிகபட்சம் 27. 10-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். இதை வைத்தே நோய் என்று முடிவுகட்டுவதில்லை.

எனக்குப் பிடித்தது தூக்கத்தைப் பற்றிப் பேசிய விதம். பகலில் தூங்குகிறவனிடம் "ராத்திரி சீக்கிரம் படுங்க" என்று சொல்லவில்லை. எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஷிஃப்டின் பின்பாதியில் காபி வேண்டாம், காலையில் வீடு திரும்பினதும் நேரே படுக்கை, ஜன்னலுக்குக் கனமான திரை. டாக்டரிடம் போனால் கனரக வண்டி ஓட்டுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லச் சொன்னார், ஏனென்றால் சில மாத்திரைகள் கண்ணைச் சொருக வைக்கும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். இதையெல்லாம் நம்மிடம் யார் பொறுமையாக உட்கார்ந்து சொல்கிறார்கள்?

குறைகளும் உண்டு. சேவையின் போஸ்டரை, வருகை பதிகிற டைம் ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். அத்தனை பேர் பார்க்க அங்கே நின்று யார் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள்? கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினால் போதும். மேற்பார்வையாளர்களுக்கு மனநலப் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எங்கள் ஃபோர்மேன்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத கோபம், கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு இந்தச் சேவை இல்லை என்பது. அதே தூசி, அதே வெடிச்சத்தம், நம்மைவிட நிச்சயமில்லாத வேலை. சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

கூப்பிட நினைப்பவர்கள் நைட் ஷிஃப்ட் முடிந்த காலை நேரத்தில் கூப்பிடுங்கள், உடனே எடுக்கிறார்கள். மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும். கம்பெனி போன் வேண்டாம், சொந்த போனிலேயே பேசுங்கள்.