முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பினால் 'வாயு' என்று விட்டுவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ளப் போகிற நம் பெண்களுக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் தங்கைக்கு நடந்தது.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி உண்டு. கிளினிக்குக்கு அது தெரியும், ஃபைலிலேயே இருக்கிறது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முட்டை வளர ஊசி போடும்போது முட்டைகள் அளவுக்கு மீறி வளர வாய்ப்பு அதிகம். அப்புறம் சினைப்பை வீங்கி, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். ஓ.எச்.எஸ்.எஸ். என்பார்கள். அந்தப் பெயரைக்கூட எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் முட்டை எடுப்பதற்கு முன் அதை முதிர வைக்கப் போடும் கடைசி ஊசியை, அதாவது ட்ரிகர் ஊசியை, ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இல்லாத வகையாகப் போடலாம். கருவை உடனே வைக்காமல் உறைய வைத்துப் பிறகு வைக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வயிறு இறுக்கமாக இருக்கிறது என்று அவள் சொல்லியும் கருவை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் நாளுக்கு நாள் மோசம். தொளதொளவென்று இருந்த நைட்டி வயிற்றில் இறுகி நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். சிறுநீர் கொஞ்சமாக, டிக்காஷன் நிறத்தில் போனது. இரவில் கிளினிக்குக்குப் போன் செய்தால், "முட்டை எடுத்தால் உப்பத்தான் செய்யும், வாயுதான். வலிக்கு ஐபுப்ரோஃபென் போடுங்க" என்றார் ஒரு நர்ஸ். இந்த நிலையில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஒரு டாக்டரும் திரும்பக் கூப்பிடவில்லை. வாங்கிய பணத்துக்கு ஒரு போன்கூட இல்லை.

வேறொரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஸ்கேன் பார்த்ததுமே அந்த டாக்டர் கேட்டது, "ட்ரிகர் ஊசி என்றைக்குப் போட்டீங்க?" வயிற்றிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் எடுத்தார்கள். ரத்தம் கெட்டியாகிக் கட்டிவிடும் என்று ஹெப்பாரின் போட்டார்கள். தங்கை பிழைத்தாள். கரு தங்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

முட்டை எடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கழுத்திலோ கையிலோ வீக்கம், இதெல்லாம் ரத்தக்கட்டாக இருக்கலாம்; ராத்திரி என்றாலும் கிளம்புங்கள். ஒரு பக்கம் திடீரென்று குத்தி வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கர்ப்பம் உறுதியான பிறகும் கவனம் வேண்டும்: ஓ.எச்.எஸ்.எஸ். அப்போதுதான் கடுமையாகலாம். கருவைக் கருப்பையிலேயே வைத்தாலும் சில சமயம் கருக்குழாயில் போய்த் தங்கிவிடும். அடிவயிறு வலியோடு தலைசுற்றலோ தோள்பட்டை வலியோ இருந்தால் தாமதிக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. போனதும் முதல் வார்த்தையாக, "ஐ.வி.எஃப். செய்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

டாக்டர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறோம். கிளினிக் தந்த ஃபைல் நகலில் அந்த இரவு நாங்கள் பேசியது எதுவுமே இல்லை. எங்கள் போனில் இருந்த அழைப்புப் பட்டியலைத்தான் சேர்க்க முடிந்தது. அதனால் கிளினிக்கில் எதைக் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதிலை அழிக்காதீர்கள்.