தின்னரால் கெட்ட டிரில் கைப்பிடி: சீர்செய்த பிறகான நீண்ட காலப் பயன்பாடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டப் பட்டறைகளிலிருந்து பழைய பொருளாக விலைக்கு வரும் டிரில்களில் (துளையிடும் கருவிகளில்) மோட்டார் நன்றாக ஓடும், கைப்பிடிதான் கெட்டிருக்கும். கிரீஸ் கறை போக வேண்டுமென்று, சாயத்தைக் கரைக்கும் தின்னரிலும் பிரேக் கிளீனரிலும் துணியை நனைத்துத் துடைப்பதே காரணம். அப்படி வாங்கிய ஒன்றைச் சீர்செய்து, வீட்டு வேலைக்கும் கோயில் திருவிழாப் பந்தல் வேலைக்கும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். செய்தவற்றில் எது நிலைத்தது என்பதே இங்குச் சொல்ல வருவது.

கைக்கு வந்தபோது, துப்பாக்கிப் பிடி வடிவிலான அந்தக் கைப்பிடியின் கறுப்பு நிறம் சாம்பல் பூத்திருந்தது. விசைக்குக் கீழே, யாரோ துடைத்தவரின் பெருவிரல் ரேகை பிளாஸ்டிக்கில் பதிந்து அப்படியே இறுகியிருந்தது. பின்பக்க ரப்பர் உறை பிசுபிசுத்தது. திருகு இறங்கும் குமிழில் மயிரிழை போன்ற விரிசல்.

எதையும் பூசுவதற்கு முன் பிளாஸ்டிக்கின் வகையை அறிந்துகொள்ள வேண்டும். கூட்டைப் பிரித்தால் உட்புறத்தில் பெரும்பாலும் குறியீடு வார்க்கப்பட்டிருக்கும். என்னுடையது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் வகை, அது அசிட்டோனில் கரையக்கூடியது, தின்னர் பலவற்றில் அசிட்டோனும் டொலுயீனும் கலந்திருக்கும். பாலிகார்பனேட் என்றால், தின்னர் பட்டதும் இறுக்கம் உள்ள இடங்களில் விரிசல் விடும். பிஏ6-ஜிஎஃப்30 என்றிருந்தால் கண்ணாடி இழை கலந்த நைலான். தின்னர் அதை எளிதில் கெடுக்காது, ஆனால் அசிட்டோனை வைத்து அதை ஒட்டவும் இயலாது.

வெளுப்பை மறைக்க எண்ணெய் தடவுமாறு பலர் சொல்வார்கள். தடவியதும் கறுப்பு திரும்புவது உண்மைதான். ஆனால் மேற்பரப்பின் நுண்விரிசல்களில் ஒளி சிதறுவதால் உண்டாகும் வெளுப்பை, எண்ணெய் அந்த இடுக்குகளில் நிறைந்து மறைக்கிறதே தவிர மாற்றுவதில்லை. வியர்வைக் கையும் துணியும் பட்டு எண்ணெய் போனதும் வெளுப்பு முன்போலவே தெரிந்தது. உள்ளே ஊறிய கரைப்பான் வெளியேறும்வரை கூட்டை நிழலில் காற்றாட வைத்துவிட்டு, 400, 800, 1000 எண் நீர் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்துக் கெட்ட மேலடுக்கையே நீக்கியது இன்றுவரை நிலைத்திருக்கிறது. சொரசொரப்பான பழைய பரப்பு போய்விட்டது. அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ரேகைப் பள்ளத்தை, அதே வகை ஏபிஎஸ் சீவல்களை அசிட்டோனில் கரைத்த குழம்பால் மெல்லிய அடுக்குகளாக நிரப்பினேன். அது கூட்டோடு ஒன்றாகிவிட்டது. அசிட்டோனின் தீப்பற்றும் நிலை சுமார் -20 பாகை செல்சியஸ். ஆகவே வேலை வெட்டவெளியில், கொசுவத்திச் சுருள்கூட அருகில் இல்லாமல் நடக்க வேண்டும். திருகுக் குமிழில் அந்தக் குழம்பு நிற்கவில்லை. திருகை இறுக்கியதும் விரிசல் மீண்டும் திறந்தது. குமிழைச் சுற்றி நைலான் நூலை இறுகச் சுற்றி எப்பாக்ஸிப் பசை பூசிய பிறகே பிடித்தது. சதுரத்துக்குள் சதுரம் என்ற இரட்டைக் காப்புக் குறியுள்ள இயந்திரத்தில் கூடுதான் மின்காப்பின் ஒரு பகுதி; விசையருகே விரிசல் ஊடுருவியிருந்தால் ஒட்டிப் பார்க்காமல் புதுக் கூடு மாற்றுவதே முறை.

ரப்பர் உறையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபோது பிசுக்கு அகன்றது. மழை மாதங்களில் திரும்ப வந்தது. முடிவில் உறையை உரித்துவிட்டு, பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் பிடிநாடாவை, மோட்டாரின் காற்றுத் துளைகளை மூடாமல் சுற்றினேன். ஈரக்கையிலும் வழுக்குவதில்லை, நைந்தால் மாற்றுவதும் எளிது.

இப்போது மின்செருகியைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் மட்டுமே துடைக்கிறேன். கொசு விரட்டி பூசிய கையால் தொடுவதில்லை. அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் ஏபிஎஸ்ஸையும் இளக்கக்கூடியது.