மாசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: முட்டம் பக்கத்துக் கடலோர வில்லா பிளாட்டும் யாட் சவாரியும்

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, குவைத்திலிருந்து லீவில் வந்திருந்த அத்தானோடு, கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்கு மேற்கே கடலோரத்தில் வில்லா பிளாட் போட்டு விற்கிற ஒரு புரமோட்டரின் சைட்டைப் பார்க்கப் போனேன். கம்பெனி பெயரை எழுதவில்லை, அத்தானின் பணம் கொஞ்சம் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் கடலைப் பார்த்த வீடு, வாசலில் படகு என்ற ஆசையோடு வெளிநாட்டில் உழைத்த காசைக் கொண்டுவந்து போடுகிற நம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கடலோர ஊரில் பிறந்தவன். ஆறு வருஷம் பிரான்ஸின் தென்கரையில், ஆன்டீப் துறைமுகத்தில் கட்டியிருந்த யாட்டுகளில், அதாவது சொகுசுப் படகுகளில், டெக்ஹேண்ட் என்கிற தளப் பணியாள் வேலை பார்த்தேன். அதனால்தான் அத்தான் என்னைக் கூட்டிப் போனார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன ஒன்பது மணிக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கார் வந்து நின்றது. கூட வந்த பையன் மரியாதையானவன், பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் கேட்டவுடனே எடுத்துக் கொடுத்தான். மதியம் மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் குழம்பும், வயிறு நிறைய. இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. கொடுத்த புத்தகத்தில் முதல் பக்கமே மொனாக்கோ துறைமுகத்தின் படம், கீழே 'நம்ம ஊர் ரிவியரா' என்று எழுத்து, பிரான்ஸின் அந்தத் தென்கரையைத்தான் ரிவியரா என்பார்கள். சென்ட் ஒன்பது லட்சம், எட்டு சென்ட் எடுத்தால் யாட் கிளப் மெம்பர்ஷிப் இலவசம். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் திறந்துவிட்டதால் இந்தக் கரையில் விலை ஏறிக்கொண்டே போகும் என்றார்கள். சரக்குக் கப்பல் வருகிற துறைமுகத்துக்கும் சொந்தப் படகு வைத்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், சிரித்தார்கள்.

அப்புறம்தான் யாட். சைட்டில் படகு இல்லை. அரை மணி நேரத்துக்கும் மேலே காரில் மணக்குடிக் காயலுக்குக் கூட்டிப் போனார்கள். பார்க்க வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. பழைய ஃபைபர் வள்ளத்துக்கு மேலே கூரை போட்டு, சோபா வைத்து, பாட்டுப்பெட்டி மாட்டியிருக்கிறார்கள். நான் ஏறியதும் முதலில் கயிறு கட்டுகிற கிளீட்டைத் தொட்டுப் பார்த்தேன், பழக்கம் அது. பெயிண்டுக்கு அடியில் பொருபொருவென்று துரு, நகத்தால் சுரண்டியதும் செதிலாகப் பெயர்ந்து விரலில் ஒட்டியது. உப்புத் தண்ணீரில் கிடக்கிற படகுக்கு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போடுவார்கள், இது சாதா இரும்பு. லைஃப் ஜாக்கெட் எட்டு, ஏறியவர்கள் பதினொரு பேர், அதில் இரண்டு குழந்தைகள். ஒரு ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து இழுத்தேன், தையல் விட்டுக் கையோடு வந்துவிட்டது. ஒரே ஒரு எஞ்சின். வயர்லெஸ் கிடையாது. 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது கரையோடு பேச வழியில்லாமல் எத்தனை பேரை இழந்தோம், அந்த மாவட்டத்தில் ஆள் ஏற்றுகிற படகில் ஒரு விஎச்எஃப் செட் வைக்க மாட்டார்களா? எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஓட்டிய அண்ணன் நல்ல கடலோடி. "முகத்துவாரத்துக்கு வெளியே இதக் கொண்டு போவமாட்டேன் மக்கா, இது காயலுக்குள்ள மட்டுந்தான்" என்று அவரே மெதுவாகச் சொன்னார்.

சரி, நாளைக்கு நாங்கள் சொந்தமாக ஒரு படகு வாங்கினால் எங்கே கட்டுவது? இதை மூன்று முறை கேட்டேன், "ஜெட்டி வருது சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. நம் மாவட்டத்தில் சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று இருப்பதெல்லாம் மீன்பிடித் துறைமுகங்கள், தொழிலுக்குப் போகிற படகுகளுக்கே இடம் பற்றவில்லை. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகு கவிழ்ந்து போன உயிர்கள் எத்தனை என்று அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து கடலில் இருப்பவனுக்கே அந்த நிலைமை என்றால், லீவுக்கு வந்து படகு ஓட்டுகிறவர் அந்த மணல் மேட்டை எப்படித் தாண்டுவார்? யாட் கட்டுவதற்கென்றே கட்டிய மெரினா வேண்டுமென்றால் கொச்சி போல்காட்டிக்குத்தான் போக வேண்டும்.

ஆன்டீப்பில் இருக்கிற வோபான் துறைமுகத்தில் 1500 படகுகளுக்கும் மேல் கட்டலாம். கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் பெரிய யாட்டுகள் நிற்கிற தளத்தைக் கோடீஸ்வரர் துறை என்றே கூப்பிடுவார்கள். அங்கேயும் படகு நிற்கிற இடத்தை யாரும் நிரந்தரமாகச் சொந்தமாக்க முடியாது. கடல் அரசாங்கத்துடையது, இத்தனை வருஷத்துக்கு என்று உரிமைதான் வாங்குகிறார்கள். நான் கடைசியாக இருந்த யாட்டின் முதலாளி வருஷத்தில் ஐந்து வாரம் வருவார், நாங்கள் ஏழு பேர் வருஷம் முழுக்க அதைக் கழுவிக்கொண்டிருப்போம். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் ராத்திரிப் பனியை ஷாமி துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், விட்டால் உப்பு புள்ளி புள்ளியாகக் காய்ந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் நல்ல தண்ணீரில் முழுக் கழுவல். தேக்குத் தளத்தைத் தேய்க்கும்போது மரத்தின் ரேகைக்குக் குறுக்கேதான் தேய்க்க வேண்டும், ரேகையோடு தேய்த்தால் மெத்தென்ற பகுதி கரைந்து வரிவரியாகப் பள்ளம் விழும். படகு வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் பராமரிப்புக்கு எடுத்து வை என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்கிற கணக்கு. ஐம்பது லட்சத்துக்குப் படகு என்றால் வருஷம் ஐந்து லட்சம், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். இதை அத்தானிடம் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாக யோசனையில் விழுந்தார். யாட் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கும், சாயங்காலம் கான் விரிகுடாவில் நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்திய பிறகு வருகிற அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது நாள்தவறாமல் பார்க்க வேண்டிய மாடு மாதிரி, ஆள் இல்லாமல் நடக்காது.

நிலத்துக்கு வருகிறேன். கேட்க வேண்டிய முதல் கேள்வி சென்ட் விலை இல்லை, உயர் அலைக் கோடு, அதாவது கடல் ஏறி வருகிற எல்லை, எங்கே ஓடுகிறது என்பதுதான். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எல்லாரும் சிஆர்இசட் என்கிறார்களே, அந்த விதிப்படி கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கிராமப் பகுதியில் அதில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்த பகுதிகளுக்கு மட்டும் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. எங்கள் பிளாட் எதில் வருகிறது என்று கேட்டதற்கு, "பட்டா நிலம்தானே சார்" என்றார்கள். பட்டா இருந்தால் நிலம் உங்களுடையது, வீடு கட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. புல வரைபடத்தை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தால், தனிக் கடற்கரை என்று புத்தகத்தில் பச்சை அடித்துக் காட்டிய இடம் முழுக்கப் புறம்போக்கு. அங்கே வலை காயப்போட்டிருந்தார்கள், அது அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிற இடம். வேலி போட்டால் நாளைக்குச் சண்டை நமக்கும் ஊருக்கும்தான், விற்றவர் இருக்க மாட்டார்.

ரேரா, அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்துகிற சட்டத்தின்படியான பதிவு எண்ணும் புத்தகத்தில் இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிளாட் போட்டு விற்றால் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. பிரான்ஸில் வீடு விற்கிறவர், வெள்ளம், கரை அரிப்பு மாதிரி ஆபத்து உள்ள பகுதி என்றால் அந்த விவரக் காகிதத்தை முதல்முறை வீடு பார்க்க வரும்போதே கொடுத்தாக வேண்டும். 2023-லிருந்து சட்டம் அப்படி. முதல் ஒப்பந்தம் போட்ட பிறகும் வாங்குகிறவர் மனம் மாறினால் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிவிடலாம். இங்கே அத்தான் அந்த மதியமே, குழம்பின் ருசி நாக்கில் இருக்கும்போதே, இரண்டு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நான் கை கழுவப் போயிருந்த நேரம்.

அவசரப்பட்டதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாசியில் நம் கடல் கண்ணாடி. பிளாட் மூலையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த எல்லைக் கல்லிலிருந்து ஈர மணல் வரை நான் அடியெடுத்து எண்ணினேன், 64 காலடி. அந்தக் காற்றில் நின்றால் யாருக்கும் அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

அத்தான் திரும்பிப் போனபிறகு ஆனி கடைசியில் நான் மட்டும் பைக்கில் போனேன். எதிரே கச்சான் காற்று, ஹெல்மெட் கண்ணாடியில் உப்பு படிந்து வழி தெரியவில்லை. மாசியில் பார்த்த மணலில் பாதிக்கு மேல் இல்லை, அடியில் கிடந்த கறுப்புப் பாறை எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஓரத்துத் தென்னை இரண்டின் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. சிவப்புக் கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். கல்லின் கடல்பக்கம் ஈரமாக இருந்தது, அடியில் பாசித் துணுக்கும் உடைந்த சிப்பியும் ஒதுங்கியிருந்தன. அலை கல் வரைக்கும் வந்து போயிருக்கிறது. வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், கொஞ்சம் கிழக்கே தூண்டில் வளைவு போட்ட பிறகு இந்தப் பக்கம் அரிப்பு கூடிவிட்டது என்றார். கல்லை நீட்டிப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த பக்கம் பறிபோகும், கரையோரத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். காற்றே இல்லாமல் தூரத்துப் புயலின் அலை வந்து அடிக்கிற கள்ளக்கடலும் இருக்கிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருந்த நாட்களில்தான். 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் பெயர்ந்து போனதை என் வயதுக்காரர்கள் நேரில் பார்த்திருக்கிறோம். இந்தக் கரையில் ஒரு கட்டு பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் ஆனி, ஆடியில் ஒரு நாள் பகல் முழுக்க அந்த இடத்தில் நில்லுங்கள். புரமோட்டர் கார் அனுப்ப மாட்டார், நீங்களே போக வேண்டும்.

கல்லையும் வேரையும் போட்டோ எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். ராத்திரியே கூப்பிட்டார். "மக்கா, எனக்குக் கடல் தெரிஞ்சா போதும், கடல் வீட்டுக்குள்ள வராண்டாம்" என்றார். அக்கா பின்னாலிருந்து அழுதது கேட்டது, நிம்மதியில்தான். இப்போது கடற்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, மேட்டில், மாடியில் நின்றால் முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஐந்தரை சென்ட் பேசிக்கொண்டிருக்கிறோம். சென்ட் விலை பாதிகூட இல்லை. படகு ஆசைக்கு, லீவுக்கு வரும்போது என் சித்தப்பா மகனுடைய வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். எஞ்சின் இரண்டு, வயர்லெஸ் உண்டு, ஜாக்கெட் வாரை நானே இழுத்துப் பார்த்துவிட்டேன்.

அட்வான்ஸ் விஷயம்: எழுத்தில் கேட்டு, ரேரா என்ற வார்த்தையைக் கடிதத்தில் போட்ட பிறகு ஒன்றரை லட்சம் திரும்ப வந்தது. மீதி ஐம்பதாயிரத்தை ஆவணச் செலவு என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். எந்த ஆவணம் என்று கேட்டு இரண்டாவது கடிதம் போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பினேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.